குதிரை இலத்தியும் கடற்கரைச் சட்டமும்

மாமல்லபுரத்துக் கடற்கரையில் யாத்திரிகர்களைக் குதிரைமேல் ஏற்றி மணலில் நடத்திக் கூலி பெறும் ஏழைகளைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அவர்களைக் குறித்து என்பதைவிட, அவர்களுடைய குதிரைகள் மணலில் விட்டுச் செல்லும் இலத்தியைக் குறித்து என்பதே சரி. தலையங்கப் பக்கத்தில் இதுவும் ஒரு விஷயமோ என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். சீன அதிபர் வந்திருந்த 2019 அக்டோபரில் பிரதம மந்திரியே அக்கடற்கரையில் குனிந்து குப்பை பொறுக்கினார் என்பதை அவர்களுக்கு நினைப்பூட்டுகிறோம்.

குதிரை இக்கரைக்குப் புதியதன்று. நீர்ப்பெயற்று என்னும் துறையில் கப்பலேறி வந்திறங்கிய புரவிகளைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அத்துறை மாமல்லையே எனக் கருதும் ஆராய்ச்சியாளர்களும் உளர். இறங்கிய குதிரைகளின் இலத்தியை வாரியவர் யார் என்பதைப் பாடிய புலவர் சொல்லாமல் விட்டார். இன்றைய சட்டங்களும் ஏறக்குறைய அப்புலவரைப் போலவே நடந்துகொள்ளுகின்றன.

1920-ஆம் வருஷத்திய ஜில்லா முனிசிபாலிடிச் சட்டம் சாணத்தை 'அசுத்தம்' என்ற சொல்லின் பொருளிலேயே அடக்கியிருந்தது. அச்சட்டம் 2023-இல் வழக்கொழிந்தது. 2016-இல் வெளியான திடக்கழிவு விதிகள், எவரும் தம் கழிவைத் தெருவிலோ, பொதுவிடத்திலோ, வடிகாலிலோ, நீர்நிலையிலோ எறிதலும் எரித்தலும் புதைத்தலும் கூடாது என்றன. விவசாயக் கழிவையும் பால்பண்ணைக் கழிவையும் பெயர் சொல்லிக் குறித்த அவ்விதிகளில் குதிரையின் பெயர் இல்லை. 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாட்டுப் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் நெறிமுறைகள் வகுத்தது. அவற்றிலும் குதிரைக்கு இடமில்லை. கடற்கரைக் கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது என்கிறது புராதனச் சின்னச் சட்டம். அலையேறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் கடற்கரை மண்டல அறிவிக்கையின் அதிகாரம் செல்லும். ஆக, இலத்தியை எங்கே போடலாகாது என்று சொல்லச் சட்டத்திற்குக் குறைவில்லை. எங்கே போடலாம் என்று சொல்வார்தான் இல்லை!

வளர்ந்த பெருங்குதிரை நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணமிடும். நம் கரையிலுள்ள சிறு குதிரைக்குப் பத்துக் கிலோ என்றே கொள்வோம். பத்துக் குதிரைகளுக்கு மாதம் மூன்று டன் ஆகிறது. வெயில் நாளில் ஈயின் முட்டை பறக்கும் ஈயாக வளர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். இரணஜன்னிக் கிருமியின் வித்து குதிரையின் குடலில் வாழ்வது. வெறுங்காலோடு மணலில் ஓடும் குழந்தைகளின் பெற்றோர் இதை அறிய வேண்டும்.

ஆயினும் இது வெறும் அசுத்தமா? 1931-இல் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் வெளியிட்ட இந்தூர் முறை உலகப் பிரசித்தம் பெற்றது. நம் தேசத்துக் குடியானவனின் குப்பைக் குழியைச் சாஸ்திர முறைப்படுத்தியதே அது. மாட்டைப்போல் குதிரை தீனியை முற்றும் ஜீரணிப்பதில்லை. புல்விதைகள் உயிரோடே வெளிவரும். ஆதலால் பச்சை இலத்தியை வயலில் கொட்டினால் களைதான் மிஞ்சும். சருகு கலந்து, ஈரம் காத்து, கிளறிவிட்டுக் குவித்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். அச்சூடு சில நாட்கள் நீடித்தால் விதையும் புழுமுட்டையும் மாளும். செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோர மணற்பூமியில் வேர்க்கடலையும் தர்பூசணியும் பயிரிடுவோருக்கு இம்மக்கிய எரு எத்துணை அவசியமென்று நாம் எழுதத் தேவையில்லை.

குதிரைக்காரர் தனியே இதைச் செய்ய முடியுமா? நிலமும் அவருக்கில்லை, வண்டியும் இல்லை. வைஷ்ணவி தேவி மலைப்பாதையில் குதிரைச் சாணத்தால் நேர்ந்த மாசு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2017 நவம்பரில், புதிய பாதை நடப்போருக்கும் மின்கல வண்டிக்குமே உரியது, குதிரைக்கு இல்லையென உத்தரவாயிற்று. மாமல்லையிலும் அதிகாரிகள் ஒருநாள் கண்விழித்து, எளிய வழியாகக் குதிரைக்காரரையே துரத்திவிடுவரோ என்று அஞ்சுகிறோம். சுத்தத்தின் பெயரால் ஏழையின் சோற்றில் மண்போடுவதை நாம் ஒருபோதும் ஒப்போம்.

உள்ளாட்சி மன்றத்தார் அலைக்கும் சின்னங்களுக்கும் அப்பால், மழைநீர் தேங்காத மேட்டில் குழியமைக்க வேண்டும். தினமும் மாலையில் ஒரு வண்டி வரவேண்டும். குதிரையொன்றுக்குச் சிறு கட்டணமும், கையில் முறமும் சாக்கும் வைத்திருக்கும் கடமையும் அனுமதிச் சீட்டில் எழுதப்படட்டும். எரு விற்ற பணத்தில் வாருவோரின் கூலி உயரட்டும். ஐப்பசி மழை பிறந்துவிட்டால் மணலில் கிடப்பதெல்லாம் கடலுக்குப் போய்விடும். கலெக்டர் அதற்குமுன் இடத்தைக் குறித்து உத்தரவிடுவாரா?