சாக்கெட் தெரியாமலே சர்வர் எழுதலாம்

நெட்வொர்க் சர்வர் எழுதணும் என்றாலே சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் என்று ஒரு வரிசையே வந்து பயமுறுத்தும். யூனிக்ஸில் இதையெல்லாம் தொடாமலே சர்வர் எழுத ஒரு பழைய வழி இருக்கிறது: 1986-இல் 4.3 பிஎஸ்டியோடு வந்த ஐநெட்டி.

இது பின்னணியில் ஓடும் ஒரு டீமன். பல போர்ட்டுகளில் நமக்குப் பதிலாக அதுவே காத்துக் கிடக்கும். யாராவது இணைந்தால், ஒரு ஃபோர்க் செய்து, அந்த சாக்கெட்டையே 0, 1, 2 என்ற மூன்று ஃபைல் டிஸ்கிரிப்டர்களிலும் மாட்டிவிட்டு நம் புரோகிராமை ஓடவிடும். அவ்வளவுதான். கீபோர்டிலிருந்து படிப்பதாக நம் புரோகிராம் நினைத்துக்கொள்ளும். உண்மையில் படிப்பது எதிர்முனையில் இருப்பவர் அனுப்புவதை. அச்சிடுவதெல்லாம் அவருக்கே போகும். ஒரு வரி படித்து ஒரு வரி பதில் சொல்லும் ஷெல் ஸ்கிரிப்ட்கூட சர்வர்தான். டெர்மினலிலேயே ஓட்டிச் சோதித்துவிடலாம், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

ஆனால் டெர்மினலில் ஓடியது நெட்வொர்க்கில் ஊமையாகிவிடுவது உண்டு. திரை என்றால் வரிக்கு வரி வெளியே தள்ளும் சி லைப்ரரி, சாக்கெட் என்றால் பஃபர் நிரம்பும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். பதில் வராமல் எதிர்முனை காத்திருக்கும், அடுத்த கேள்வி வராமல் நாம் காத்திருப்போம். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் எஃப்ஃப்ளஷ் போடவேண்டும். 2-ஆம் டிஸ்கிரிப்டரும் சாக்கெட்தான் என்பதால் பிழைச்செய்திகளும் முன்பின் தெரியாதவர் திரையில் போய் விழும். அவற்றை லாகுக்குத் திருப்பிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய வம்பு, எதிரே இருப்பது கீபோர்ட் அல்ல என்பதே மறந்துபோவது. ஐநெட்டி கிளப்பிவிடும் ஃபிங்கர் சர்வர் சின்னஞ்சிறு புரோகிராம். வரும் ஒரு வரியை கெட்ஸ் மூலம் 512 பைட் இடத்தில் படித்தது. கெட்ஸுக்கு அளவே தெரியாது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி கிளம்பிய மோரிஸ் வார்ம் 536 பைட் அனுப்பி, பிஎஸ்டி ஓடிய வாக்ஸ் கணினிகளுக்குள் புகுந்தது. அளவு கேட்கும் எஃப்கெட்ஸ் போட்டிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

இணைப்புக்கு ஒரு புராசஸ் என்பதால் கூட்டம் அதிகமுள்ள சர்வருக்கு இது சரிப்படாது. எப்போதாவது எட்டிப்பார்க்கும் சேவைக்குத் தாராளமாகப் போதும். கான்ஃபிக் வரியில் எந்த யூசராக ஓடவேண்டும் என்ற இடத்தில் மட்டும் ரூட் போடாதீர்கள். இன்றைய லினக்ஸில் சிஸ்டம்டியும் இதைச் செய்கிறது: சாக்கெட் யூனிட்டில் அக்செப்டுக்கு எஸ், சர்வீஸில் ஸ்டாண்டர்ட் இன்புட்டுக்கு சாக்கெட் என்று கொடுத்தால் பழைய ஸ்கிரிப்டே ஓடும்.