தொலைபேசியில் வரும் திருடனை யார் தடுப்பது?

முன்னாளில் திருடன் இரவில் வருவான். கன்னக்கோல் கொண்டு சுவரைத் துளைப்பான். நாய் குரைக்கும், பக்கத்து வீட்டார் விழித்துக்கொள்வர். இன்றைய திருடனுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. பட்டப்பகலில், அம்மா சோறு வடித்துக்கொண்டிருக்கும் வேளையில், மணியடித்துக்கொண்டே வருகிறான். "வணக்கம் அம்மா, வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று மரியாதையாகத் தொடங்குகிறான். பெட்டியைத் திறந்து கொடுப்பவர் வீட்டுக்காரரே! 2024-ஆம் ஆண்டில் இந்திய மக்கள் தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் வழியாக நடந்த பண மோசடிகளில் இழந்த தொகை ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2023-இல் அது 7,465 கோடியாக இருந்தது. ஓராண்டிலேயே மும்மடங்கு. வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் புகாரே கொடுக்காதவர்களின் இழப்பு இக்கணக்கில் சேரவில்லை.

இதைத் தடுக்க வேண்டியவர் யார் என்று கேட்டால், "மக்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும்" என்பதே நமக்கு எங்கும் கிடைக்கும் விடை. செய்தித்தாளில் அதே விடை. வங்கிச் சுவரொட்டியில் அதே விடை. 2024-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பல மாதங்கள், நாம் யாரையேனும் அழைத்தால் மணி ஒலிக்கும் முன்னரே அதே அறிவுரை காதில் விழுந்தது. விழிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஊர்ப் பொதுக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டுவிட்டு, "பிள்ளைகளே, பார்த்து நடங்கள்" என்று பலகை மட்டும் எழுதி வைத்தால் பஞ்சாயத்தாரை நாம் சும்மா விடுவோமா? சுவர் கட்ட வேண்டியவர் யார் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முதலில் அழைப்பு எப்படி வருகிறது, பணம் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும்.

மோசடிக்காரனிடம் இரண்டே ஆயுதங்கள் உள்ளன: ஒன்று ஆசை, மற்றொன்று அச்சம். ஆசைக்கு எடுத்துக்காட்டு நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. "உங்கள் மகளுக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது" என்று மாணவர்களின் பெற்றோரை அழைத்து, கியூ.ஆர். குறியீடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை அழுத்தச் சொல்லும் மோசடி தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது, காவல்துறையும் எச்சரித்திருக்கிறது. இங்கே ஒரு சிறு செய்தியைப் பெற்றோர் மனத்தில் கொண்டால் போதும். யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. "பணம் தருகிறேன், எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவன் சொன்னால் அவன் எடுக்க வந்தவன்.

அச்சத்துக்கு எடுத்துக்காட்டு 'டிஜிட்டல் கைது'. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது; நான் காவல்துறை அதிகாரி" என்று ஒருவன் காணொளியில் தோன்றுகிறான். காக்கி உடை, பின்னால் கொடி, மேசையில் கோப்புகள் எல்லாம் இருக்கும். "கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது" என்று மணிக்கணக்கில், சிலரை நாள்கணக்கில், தம் வீட்டுக்குள்ளேயே சிறை வைத்துவிடுகிறான். உண்மையில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் சரி, அதற்கு முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் சரி, தொலைபேசியில் கைது செய்வது என்ற ஒன்றே கிடையாது. 2024 அக்டோபர் 27-இல் பிரதமரே தம் வானொலி உரையில் இதைச் சொன்னார். ஆயினும் ஹரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர், உச்ச நீதிமன்றத்தின் பெயராலேயே தயாரிக்கப்பட்ட போலி ஆணையைக் கண்டு நடுங்கி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். அவர்கள் அனுப்பிய முறையீட்டை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. டிசம்பரில் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. படிக்காதவர்கள்தாம் ஏமாறுகிறார்கள் என்று நினைப்பது தவறு. அதிகாரிகளுக்கும் நீதிமன்றத்துக்கும் அஞ்சி ஒழுங்காக வாழ்ந்தவர்களே இவ்வலையில் அதிகம் விழுகின்றனர். சட்டத்தை மதிக்காதவன் இவனுக்கு ஏன் அஞ்சப் போகிறான்?

இனி அழைப்பு வரும் வழியைப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து இணையத்தின் மூலம் அழைப்பவன், நம் திரையில் இந்திய எண்ணே தோன்றும்படி செய்துவிட முடியும். கடிதத்தின் பின்புறம் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதுவது போன்றதே இது. இதைத் தடுக்க முடியாது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். 2024 அக்டோபரில் மத்திய தொலைத்தொடர்புத் துறையும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைச் சூடிக்கொண்டு வரும் அழைப்புகளை நுழைவாயிலிலேயே சோதிக்கும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கின. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் அழைப்புகள் போலி எனக் கண்டு நிறுத்தப்பட்டன. அவ்வாறு வந்தவற்றில் இது சுமார் 90 விழுக்காடு! அந்த நாளுக்கு முந்தைய நாள் அத்தனையும் யார் யார் வீட்டில் மணியடித்தன என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்த வாயில் அடைபட்டதும் திருடன் வேறு வாயிலைத் தேடினான். 'சிம் பாக்ஸ்' என்றொரு கருவி உண்டு. நூற்றுக்கணக்கான சிம் அட்டைகளை அதில் செருகி வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் பேச்சை அது உள்ளூர் அழைப்பாக மாற்றித் தரும். அத்தனை சிம் அட்டைகள் எங்கிருந்து கிடைக்கின்றன? நம்மைப் போன்றவர்களின் அடையாள அட்டையில்தான். ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரைதான் இருக்கலாம் (ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்களில் 6) என்ற வரம்பு உண்டு. ஏமாற்றி இணைப்புப் பெறுவோருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 50 இலட்சம் ரூபாய்வரை அபராதமும் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளன. ஆனால் சிம் அட்டையைத் தெருவோரக் குடையின்கீழ் விற்று, மாத இறுதியில் எத்தனை விற்றாய் என்று மட்டும் கேட்கும் நிறுவனத்துக்கு என்ன தண்டனை? தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் எவரும் பார்க்கலாம். தந்தையர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அறியாத எண் ஒன்று அங்கே குடியிருக்கக் கூடும்.

அழைப்பவன் யார் என்பதும் நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டம் இத்தொழிலுக்கு முன்பே பெயர் பெற்றுவிட்டது. இப்போது பெரும் கும்பல்கள் மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளில் மதில் சூழ்ந்த வளாகங்களில் இயங்குகின்றன. "தாய்லாந்தில் கணினி வேலை" என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இளைஞர்களின் கடவுச்சீட்டைப் பறித்து, பிறரை ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்குகிறார்கள். மியான்மரின் மியாவாடியில் அவ்வாறு சிக்கியிருந்த தமிழ் இளைஞர்கள் சிலர் 2022-இல் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். 2025 மார்ச்சில் விமானப் படையின் இரு விமானங்களில் 549 இந்தியர்கள் தாயகம் திரும்பினர். ஆகவே நம்மை ஏமாற்றும் குரலுக்குச் சொந்தக்காரனும் ஏமாற்றப்பட்டவனாக இருக்கலாம். அவனுக்காகச் செபிக்கலாம், பணம் மட்டும் கொடுக்கக் கூடாது.

இனி பணத்தின் வழி. திருடன் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. கல்லூரி மாணவரிடமோ, வேலையில்லாத ஒருவரிடமோ சில ஆயிரம் ரூபாய் கொடுத்து அவருடைய வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறான். நம் பணம் அந்தக் கணக்கில் விழுந்த சில நிமிடங்களில் அங்கிருந்து நான்காகவும் எட்டாகவும் பிரிந்து வேறு வேறு கணக்குகளுக்கு ஓடிவிடும். ஞானோபதேச வகுப்பில், பிறர் செய்யும் பாவத்துக்கு நாம் உடந்தையாகும் வழிகள் ஒன்பது என்று படித்திருக்கிறோம். மறைப்பதும், பங்கு பெறுவதும், பேச வேண்டிய இடத்தில் பேசாதிருப்பதும் அவற்றுள் அடங்கும். கணக்கை வாடகைக்கு விடுபவர் பங்கு பெறுகிறார். மாதம் 5,000 ரூபாய்கூட வராத கணக்கில் ஒரே மதியத்தில் 20 இலட்சம் வந்து போவதைப் பார்த்தும் வாளாவிருக்கும் வங்கியை எந்த வழியில் சேர்ப்பது? அத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல் ஹண்டர்' என்ற கணினி முறையை உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவரை இழந்தவர். ஓய்வூதியக் கணக்கு முடங்கிவிடும் என்று ஒருவன் பயமுறுத்த, தொலைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டார். 1,80,000 ரூபாய் போய்விட்டது. பேத்தியின் திருமணத்துக்கென்று சேர்த்த பணம். வங்கியில் போய் நின்றபோது, "எண்ணைச் சொன்னது நீங்கள்தானே பாட்டி" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான் என்பதுதான் வேதனை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் பிறப்பித்த விதிகளின்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாதபோது மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் இரகசிய எண்ணைத் தாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவருடையதே. மிரட்டி வாங்கப்பட்ட எண்ணும் மனமுவந்து கொடுத்த எண்ணும் இவ்விதியின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

பிற நாடுகள் இதை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுன் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். இதில்தான் நுட்பம் இருக்கிறது: பணம் புறப்பட்ட வங்கி பாதி, பணம் போய்ச் சேர்ந்த வங்கி பாதி. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கிக்கும் கை சுடுகிறது அல்லவா? சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 16 முதல், போலி இணையதளங்களின் மூலம் நடக்கும் மோசடிகளில், தத்தம் கடமையைத் தவறவிட்ட வங்கியோ தொலைபேசி நிறுவனமோ இழப்பை ஏற்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2025-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது.

வங்கி பணத்தைத் திருப்பித் தரும் என்றால் மக்கள் கவலையற்றுப் போவார்கள் என்று சிலர் கூறுவர். பிரிட்டனில் முதல் 100 பவுன் வரை வாடிக்கையாளரே ஏற்கும்படி வங்கி பிடித்துக்கொள்ளலாம். மிகுந்த அலட்சியம் காட்டியவருக்கு மறுக்கவும் செய்யலாம். அத்தகைய காப்பு நமக்கும் வைத்துக்கொள்ளலாமே. ஏமாறுவதில் யாருக்கும் விருப்பமில்லை. ஏமாந்தவருக்குப் பணம் திரும்பினாலும் உறக்கம் எளிதில் திரும்புவதில்லை.

நம் நாட்டிலும் சுவர் கட்டியபோது பயன் கிடைத்திருக்கிறது. யூ.பி.ஐ.யில் தனியொருவர் மற்றொருவருக்கு "எனக்கு இவ்வளவு பணம் அனுப்பு" என்று கோரிக்கை விடுக்கும் வசதி இருந்தது. திருடர்கள் அதைப் பரிசுச் செய்தி போலக் காட்டி ஏமாற்றிவந்தனர். 2025 அக்டோபர் 1 முதல் அவ்வசதியே எடுக்கப்பட்டது. கோடிக்கணக்கானோருக்கு அறிவுரை சொல்வதைவிட ஒரு பொத்தானை நீக்குவது எளிது. வங்கிகள் வாடிக்கையாளர்களை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே அழைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அத்தகையதே. வணிக வங்கிகளுக்கு 2026 ஜனவரி 1 வரை டிராய் கெடு வைத்தது. சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து ஒருவர் "வங்கி மேலாளர்" என்றால் இனி ஐயப்பட நமக்கு ஒரு காரணம் உண்டு.

ஆகவே என் கருத்தில், பெரும்பொறுப்பு அழைப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும், பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வங்கிக்கும் உரியது. இரண்டும் நம்மிடம் கட்டணம் வாங்கியே அவ்வேலையைச் செய்கின்றன. அவற்றை இழப்பில் பங்கேற்க வைக்கும் சட்டம் அரசின் கையில் இருக்கிறது.

வீட்டின் பங்கு மிகச் சிறிது, ஆனால் அவசரமானது. பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுமுன் அதை நிறுத்தி வைக்க வங்கிகளுக்கு உடனே செய்தி போகும். இங்கே ஒவ்வொரு நிமிடமும் பணமே. நான் சொன்ன ஆசிரியை நான்கு நாள்கள் யாரிடமும் சொல்லவில்லை. மகன் கோபிப்பான், மருமகள் சிரிப்பாள் என்ற பயம். "இத்தனை படித்துமா ஏமாந்தீர்கள்?" என்று ஒரு வீட்டில் ஒருமுறை சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அடுத்தமுறை ஏமாறுபவர் வாய் திறக்கமாட்டார். திருடன் "யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டுவதற்கும் நாம் கேலி செய்வதற்கும் விளைவு ஒன்றுதான்.

பணம் போகாமல், சந்தேகமான அழைப்பு மட்டும் வந்திருந்தால் 'சஞ்சார் சாத்தி'யில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த எண்ணைத் தெரிவிக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். கைப்பேசியில் தடுமாறும் தாத்தா பாட்டியருக்கு நம் வகுப்புத் தோழியர் எவரும் இதைச் செய்து கொடுக்கலாம். 1930-ஐப் பெரிய எழுத்தில் எழுதி நாள்காட்டிக்கு அருகில் ஒட்டியும் வைக்கலாம்.