தும்மினால் சிறுநீர் கசிகிறதா?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க ஆசைதான். ஆனால் இருமினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசிந்துவிடுமே என்று வீட்டிலேயே முடங்கும் தாய்மார்கள் பலர். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் தீர்வல்ல; எரிச்சல்தான் மிஞ்சும்.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தூளி போலத் தாங்குவது இடுப்படித் தசை. பிரசவத்தாலும், மாதவிலக்கு நின்ற பிறகும் அது தளர்ந்துபோகலாம். அதை வலுவாக்கும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் வெளியிட்டார். நம் யோகத்தின் மூலபந்தமும் இதே தசைக்குத்தான் வேலை தருகிறது.

சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, 5 எண்ணும்வரை பிடியுங்கள்; பிறகு 5 எண்ணித் தளர்த்துங்கள். இப்படி 10 முறை, தினம் 3 வேளை. மூச்சைப் பிடிக்க வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது இதைப் பழகக் கூடாது.

தொடையை வெளிப்புறம் திருப்பும் ஒரு தசையின் உறையில்தான் இந்தத் தூளியின் ஓரம் ஒட்டியிருக்கிறது. ஆகவே இடுப்புக்கும் பயிற்சி கொடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்கள் பிரியாமல் மேல் முழங்காலை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். பக்கத்துக்கு 10 முறை.

லேகியம் கேட்டு வருபவர்களிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். 3 மாதமாவது விடாமல் செய்யுங்கள். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.