சுருதி சேராத சொல்: 'டிஸ்கார்டன்ட்'

ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'டிஸ்கார்டன்ட்'. ஆபீஸ் குறிப்புகளிலும் சில சமயம் தலைகாட்டும். நடுவிலுள்ள 'கார்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அகராதியைப் புரட்டினால் 'இசைவற்ற, முரணான' என்று பொருள் போட்டிருக்கும். ஆனால் முரண்பட்டவை எல்லாம் 'டிஸ்கார்டன்ட்' ஆகிவிடா.

இச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'கோர்' என்றால் இதயம். 'டிஸ்' என்றால் பிரிந்து, விலகி. ஆக, இதயங்கள் விலகி நிற்பதே இதன் மூலப்பொருள். ஒற்றுமையைக் குறிக்கும் 'கான்கார்ட்', உளமார்ந்த என்று பொருள்படும் 'கார்டியல்' ஆகியவையும் இதே வேரில் முளைத்தவை. 'மனசு ஒட்டவில்லை' என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

இதற்குப் பங்காளி 'டிஸ்ஸனன்ட்'. அதன் வேர் இதயமல்ல, ஒலி. இரண்டுமே ஓசைக்கும் கருத்துக்கும் வழங்குகின்றன.

ஹார்மோனியத்தில் அடுத்தடுத்துள்ள ஒரு வெள்ளைக் கட்டையையும் கறுப்புக் கட்டையையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். இரண்டும் நல்ல சுரங்களே. ஒரே சமயத்தில் அழுத்தினால் காது கூசும். குற்றம் எந்தக் கட்டையிலும் இல்லை. இரண்டும் சேர்ந்த சேர்க்கையில் இருக்கிறது. 'டிஸ்கார்டன்ட்' என்பது அந்தச் சேர்க்கையைப் பற்றிய சொல். ஒரு லாரியின் ஹார்ன் காதைத் துளைத்தால் அது 'லவுட்'. நாலைந்து லாரிகள் நாலைந்து சுருதியில் ஒன்றாக அலறினால், அதுவே 'டிஸ்கார்டன்ட்'.

நம் கர்நாடக சங்கீதத்திலும் இதற்கு உறவான சொல் உண்டு: 'விவாதி'. பக்கத்துச் சுரத்தோடு வாதாடும் சுரம். 72 மேளகர்த்தாக்களில் 40 விவாதி மேளங்கள். கச்சேரிகளில் முதலில் பாடப்படும் நாட்டை ராகத்தின் ஷட்சுருதி ரிஷபமும் விவாதிதான். பாடுகிறவர் பக்குவமாகக் கையாண்டால் அதுவே அழகு.

இனி, கருத்துக்கு வருவோம். பிரிவுபசார விழா நடக்கிறது. ஓய்வு பெறுபவரை எல்லோரும் வாழ்த்துகிறார்கள். ஒருவர் மட்டும் எழுந்து, பழைய பிரமோஷன் தகராறைக் கிளறுகிறார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த இடத்துக்குச் சேரவில்லை. 'ஹிஸ் ஸ்பீச் ஸ்ட்ரக் எ டிஸ்கார்டன்ட் நோட்' என்பார்கள். இச்சொல் அதிகம் புழங்கும் வாக்கியம் இதுதான்.

எங்கே எழுதக் கூடாது? லெட்ஜரின் இரண்டு தொகைகள் ஒத்துவராவிட்டால் 'டூ நாட் டாலி' என்று எழுதினால் போதும். இரண்டு வாக்குமூலங்களில் ஒன்று மெய்யானால் மற்றது பொய் என்ற நிலையா? அது 'கான்ட்ரடிக்டரி'.

மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒருவர் மாற்றுக் கருத்துச் சொன்னால் அது 'டிஸ்ஸென்டிங் வியூ'. அதை 'டிஸ்கார்டன்ட் வியூ' என்று எழுதிவிட்டால், ஒற்றுமையைக் குலைத்தவர் என்ற சாயல் அவர்மேல் விழுந்துவிடும். பைலில் ஏறிய சொல் எளிதில் இறங்காது.

1976-ல், நெருக்கடி நிலையின்போது, காவலில் வைக்கப்பட்டவர் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஐந்தாமவரான எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். அவருடையதைச் சட்ட உலகம் 'டிஸ்ஸென்டிங் ஜட்ஜ்மென்ட்' என்றே குறிக்கிறது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், பெரும்பான்மையினரின் அந்தப் பழைய தீர்ப்பையே ரத்து செய்தது. தனித்து ஒலிக்கும் குரலெல்லாம் அபசுரம் ஆகிவிடாது.

ஆகவே, 'டிஸ்கார்டன்ட்' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எது எதனோடு சேரவில்லை? அதனால் குலைந்த இசைவு எது? இரண்டுக்கும் பதில் இருந்தால் தாராளமாக எழுதலாம். இல்லையேல் எளிய சொல்லே மேல்.