வரி வினாத்தாளில் முதலில் ஆண்டைப் பாருங்கள்

அமெரிக்காவில் வரித் திணைக்களத்தின் முன் பிறருக்காகப் பேசும் தகுதியைப் பெறுவதற்குத் தனியாக ஒரு பரீட்சை உண்டு. அதில் மூன்று வினாத்தாள்கள், ஒவ்வொன்றிலும் 100 கேள்விகள். இலங்கையில் அப்படித் தனி அனுமதிப் பரீட்சை கிடையாது. கணக்கியல் பரீட்சைகளில் வரும் வரிவிதிப்புப் பாடம்தான் இங்கே வாசல். அவற்றுள் ஏ.ஏ.ரி. பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம் என்பதால், திருகோணமலையில் உயர்தர வர்த்தகப் பிரிவு முடித்த பலர் அதற்குத்தான் படிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மாலை நேரத்தில் நான் வரிப்பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக வரும் எல்லோருக்கும் முதலில் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வருமான வரி 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி நடக்கிறது. அது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு தனிநபர் நிவாரணம், அதாவது வரி கணக்கிடுவதற்கு முன் வருமானத்தில் கழிக்கும் தொகை, பலமுறை மாறிவிட்டது. தொடக்கத்தில் 5 இலட்சம். 2020 ஜனவரி முதல் 30 இலட்சம். 2023 ஜனவரி முதல் 12 இலட்சம். 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம். வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. ஆனால் 2023 இல் மாற்றம் ஜனவரியில் வந்தது. அதனால் 2022/23 ஆம் ஆண்டுக்கு முதல் ஒன்பது மாதத்துக்கு 22.5 இலட்சம், கடைசி மூன்று மாதத்துக்கு 3 இலட்சம் என்று பிரித்துக் கணக்கிட வேண்டியிருந்தது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம் 225,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 27 இலட்சம். வேறு வருமானம் இல்லை.

2024/25 ஆம் ஆண்டில் 12 இலட்சம் நிவாரணம் போக மிச்சம் 15 இலட்சம். முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 12 வீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம். மொத்த வரி 180,000 ரூபாய். 2025/26 ஆம் ஆண்டில் 18 இலட்சம் போக மிச்சம் 9 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கும் 6 வீதம் என்பதால் வரி 54,000 ரூபாய் மட்டுமே. ஆளும் சம்பளமும் மாறவில்லை. ஆண்டு மாறியதால் விடை மாறியது. பழைய வினாத்தாள்களின் விடைகளைப் பாடமாக்கும் மாணவர் இந்த இடத்தில்தான் புள்ளிகளை இழக்கிறார்.

அதனால் வீதங்களை மனப்பாடம் செய்வதற்கு முன் கணக்கின் ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வருமானத்தை நான்காகப் பிரிக்க வேண்டும்: தொழில், வணிகம், முதலீடு, ஏனையவை. கூட்டிய பின் நிவாரணங்களைக் கழிக்க வேண்டும். மிச்சத்துக்கு அந்த ஆண்டின் வீதத்தில் வரி. கடைசியில், ஏற்கனவே கட்டிய வரியைக் கழிக்க வேண்டும். சட்டம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும் இந்த நான்கு படிகள் மாறவில்லை.

முதல் படி எளிதாகத் தெரியும்; சிக்கல் அதில்தான் அதிகம். உப்புவெளியில் ஒருவர் தன் வீட்டை மாத வாடகைக்கு விட்டால் அது முதலீட்டு வருமானம். வாடகையில் 25 வீதம் நிவாரணமாகக் கிடைக்கும். அதே வீட்டில் வெளிநாட்டுப் பயணிகளைத் தங்க வைத்து, அறை துப்புரவாக்கி, காலைச் சாப்பாடும் கொடுத்தால் அது வணிகம். அப்போது அந்த 25 வீதத்தை எடுக்க முடியாது. உண்மையான செலவுகளைத்தான் கழிக்கலாம். கேள்வியில் வரும் ஒரு சிறு வசனம் முழுக் கணக்கையும் மாற்றிவிடும்.

கடைசிப் படியில் சொற்கள் குழப்பும். நிவாரணம் வருமானத்தைக் குறைக்கிறது. வரவு வரியைக் குறைக்கிறது. வங்கி வட்டியில் பிடித்த நிறுத்திவைத்தல் வரி வரவுதான், நிவாரணம் அல்ல. இதைப் புரிந்துகொள்வதில் பரீட்சைக்கு வெளியிலும் பயன் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். மூதூரில் ஒரு தாய்க்கு ஆண்டுக்கு 4 இலட்சம் ரூபாய் வட்டி மட்டுமே வருமானம் என்றால், அவருக்கு வரியே இல்லை. ஆனாலும் 40,000 ரூபாய் வெட்டுப்பட்டுவிடும். டின் இலக்கத்துடன் வங்கியில் உரிய பிரகடனத்தைக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் வெட்டுப்படாது. வெட்டுப்பட்ட பிறகு என்றால், விபரத்திரட்டைச் சமர்ப்பித்து மீளக் கேட்க வேண்டும். இதைத் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் மாவட்டத்துக்குத் தேவை.

திகதிகளையும் விட்டுவிடாதீர்கள். சுயமாக வரி கட்டுபவரின் காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்ச வரிக்கு செப்ரெம்பர் 30. விபரத்திரட்டுக்கு நவம்பர் 30.

படிக்கும் முறைக்கு வருவோம். ஒரு கொப்பியை எடுத்து ஒரு பக்கத்துக்கு ஒரு வரி ஆண்டு என்று ஒதுக்குங்கள். நிவாரணம், வீதங்கள், நிறுத்திவைத்தல் வரி மூன்றையும் அந்தந்தப் பக்கத்தில் எழுதுங்கள். கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். பரீட்சையைத் தமிழில் எழுதினாலும், வேலைக்குப் போகும் அலுவலகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கோப்புகள் இருக்கும். பிறகு ஒரே சம்பளக் கணக்கை மூன்று வெவ்வேறு ஆண்டுகளுக்குச் செய்து பாருங்கள். மூன்றும் புத்தகத்தைப் பார்க்காமல் சரியாக வந்தால், நீங்கள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம்.