எங்கள் ஒழுங்கைக்கு எத்தனை அங்குலம்?

புதிதாகப் போட்ட ஒழுங்கையைப் பார்க்க ஆசையாக இருக்கும். பிள்ளைகள் சைக்கிளோடு இறங்கிவிடுவார்கள். ஒரு மாரி கழிந்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிப்புகள் தெரியும். அடுத்த மாரியில் வெடிப்பு குழியாகும், குழி குளமாகும். பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் சேறு அடிக்கும். முச்சக்கர வண்டிக்காரர் ஒழுங்கை முனையிலேயே நிறுத்தி, "இதற்கு மேல் வர ஏலாது" என்பார். பிரசவ வேதனையோடு புறப்படும் பெண்ணுக்கு அந்த நூறு யார் தூரம் எவ்வளவு நீளமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கெல்லாம் பல வேளைகளில் காரணம் ஒன்றுதான். போட்ட தடிப்பு, அந்த இடத்துக்குத் தேவையான தடிப்பு அல்ல. திரைச்சீலைத் துணி வாங்கும்போது யார் கணக்கில் அளந்து பார்க்கும் நாம், வாசலில் வீதி போடும்போது எத்தனை அங்குலம் என்று கேட்பதில்லை. அது பொறியியலாளரின் வேலை என்று இருந்துவிடுகிறோம். கணக்குப் போடுவது அவருடைய வேலைதான். ஆனால் அந்தக் கணக்கு எவற்றைப் பொறுத்தது என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை.

வீதி என்பது மேற்பரப்பு மட்டுமல்ல

நமது கண்ணுக்குத் தெரிவது தார், காபட் அல்லது கொங்கிரீட் மட்டுமே. தார் வீதியில் அதன் கீழே உடைத்த கருங்கல் படை உண்டு. அதற்கும் கீழே கிறவல் படை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இயற்கையான மண். சில்லின் பாரத்தை இறுதியில் தாங்குவது அந்த மண்ணே. மேலே உள்ள படைகளின் வேலை, ஓர் உள்ளங்கையளவு இடத்தில் விழும் பாரத்தை அகலமாகப் பரப்பி மண்ணிடம் ஒப்படைப்பதாகும். சேற்று நிலத்தில் நடக்கப் பலகை போடுகிறோம் அல்லவா? அதே தத்துவம்தான்.

இந்த உண்மையை முன்வைத்து வீதி அமைத்தவர்களுள் முக்கியமானவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் மக்கடம். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதி வீதிகளுக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட அவர், ஆறு அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேற்படாத உடைகற்களை ஏறத்தாழ 10 அங்குலத் தடிப்புக்குப் பரப்பினால் போதும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தார்: அடிமண் உலர்ந்திருக்க வேண்டும். மக்கடத்தின் 10 அங்குலத்தை விட அவரது நிபந்தனையே இன்றும் நமக்கு முக்கியமானது.

முதற் கேள்வி: அடியில் என்ன மண்?

கொழும்பின் தாழ்ந்த பகுதிகள் பல சதுப்பு நிலத்தை நிரப்பி உண்டானவை. கிழக்குக் கரையோர ஊர்களில் மணல். மலைநாட்டில் வேறு மண். ஒரே தடிப்பு எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

மண்ணின் பலத்தை அளக்க, 1920களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில வீதித் திணைக்களத்தில் ஒரு சோதனை உருவாக்கப்பட்டது. அதைச் சீ.பி.ஆர். என்பார்கள். இறுக்கிய மண்ணைப் பொதுவாக நான்கு நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, அதில் ஓர் உருக்குத் தண்டை அழுத்துவார்கள். நல்ல உடைகல்லோடு ஒப்பிட்டால் அது எத்தனை சதவீதம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். மழையில் ஊறிய மண்ணே உண்மையான மண் என்பதால்தான் இந்த ஊறவைத்தல்.

நம் போன்ற வெப்ப வலய நாடுகளுக்காகப் பிரித்தானிய ஆய்வுகூடம் ஒன்று வெளியிட்ட வழிகாட்டி, 'ரோட் நோட் 31' என்று அறியப்படுகிறது. அதன் 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் மிகக் குறைந்த போக்குவரத்துள்ள வீதிக்குரிய ஓர் அட்டவணையைப் பாருங்கள். மிகப் பலமான மண்ணில் 150 மில்லிமீற்றர் கல் படையே போதும். மிகப் பலவீனமான மண்ணிலோ கல், கிறவல், தெரிந்தெடுத்த நிரப்பு மண் யாவும் சேர்ந்து 600 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். ஒன்று அரை அடி, மற்றது இரண்டடி. "பக்கத்து ஊரில் போட்டது போல இங்கும் போடுங்கள்" என்று கேட்பது எவ்வளவு பிழையானது என்று இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது கேள்வி: எது வந்து போகிறது?

ஒழுங்கையில் போவது சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் தானே, எதற்கு இவ்வளவு தடிப்பு என்று சிலர் கேட்பர். இதற்கு விடை தந்தது அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் பரிசோதனை. வெவ்வேறு தடிப்பில் வளைய வீதிகள் அமைத்து, இராணுவ வீரர்கள் இரவு பகலாக லொறிகளை ஓட்டினார்கள். 11 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை அச்சுப் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள்.

கிடைத்த பாடம் ஆச்சரியமானது. ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்காவதில்லை. ஏறத்தாழ 16 மடங்காகிறது. பாரம் பத்து மடங்கானால் சேதம் பத்தாயிரம் மடங்கு! நிறைந்த லொறியின் பின்அச்சு எட்டுத் தொன்னளவு சுமக்கும். சிறிய காரின் அச்சு அதில் பத்தில் ஒன்றுகூட வராது.

எனவே ஒழுங்கையை உடைப்பது பிள்ளையின் சைக்கிளும் அல்ல, பக்கத்து வீட்டுக் காரும் அல்ல. வாரந்தோறும் வரும் குப்பை லொறி, தண்ணீர் பௌசர், யாராவது வீடு கட்டும்போது மணலோடு நுழையும் டிப்பர் ஆகியவையே. எவ்வளவு அமைதியான குடியிருப்பு வீதிக்கும் ஒரு குறைந்தபட்சத் தடிப்பு விதிக்கப்பட வேண்டும் என்பதன் நியாயம் இதுதான்.

மூன்றாவது கேள்வி: தண்ணீர் எங்கே போகிறது?

வடிகான் இல்லாத வீதிக்கு எத்தனை அங்குலம் போட்டாலும் நிலைக்காது. தண்ணீர் அடியில் இறங்கினால் மண் இளகும். மேலே உள்ள படை தொங்கி நிற்கும். அடுத்த லொறி அதை உடைக்கும். வீதியின் நடு சற்று உயர்ந்து இரு பக்கமும் சரிவாக, அல்லது ஒரு பக்கம் சரிவாக இருப்பது அழகுக்காக அல்ல.

கொங்கிரீட்டில் இரண்டு அங்குலம்

இன்று பல ஒழுங்கைகள் கொங்கிரீட்டாகிவிட்டன. இதில் நாம் மறக்கக் கூடாத கணக்கு ஒன்று உண்டு. வளைவைத் தாங்கும் பலம் தடிப்பின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆறு அங்குலம் என்று கணக்கிட்ட இடத்தில் நான்கு அங்குலம் போட்டால் மிச்சமாவது மூன்றில் ஒரு பங்கு கொங்கிரீட். இழப்பதோ பாதிக்கும் மேற்பட்ட பலம். ஒருவருக்குக் கிடைக்கும் அந்தச் சிறிய இலாபம், ஊருக்கே வீதி இல்லாமல் போகும் நட்டமாகிறது. பொதுப்பணம் ஓர் அமானிதம் என்பது இங்கேதான் நினைவுக்கு வர வேண்டும்.

கிறவலிலும் இதே போன்ற ஓர் ஏமாற்றம் உண்டு. மாவைக் கோப்பையில் அள்ளினால் நிறைந்து நிற்கும். தட்டி அழுத்தினால் இறங்கிவிடும். எஸ்டிமேட்டில் எழுதப்படும் தடிப்பு, றோலரால் உருட்டி இறுக்கிய பின் உள்ள தடிப்பாகும். கொட்டிய உயரம் கணக்கில் சேராது.

தடிப்பு மேல்நோக்கி வளரலாமா?

பழைய வீதி உடைந்தால் அதற்கு மேலேயே மீண்டும் மீண்டும் போடுவது பல நகரங்களில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம் ஏறினால், மூன்று முறையில் அரை அடி. முன்பு படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் ஒழுங்கைத் தண்ணீர் முன்மண்டபத்துக்குள் வருகிறது. வாசலை உயர்த்த வசதியுள்ளவர் உயர்த்திக்கொள்கிறார். இல்லாதவர் இரவெல்லாம் தண்ணீர் இறைக்கிறார். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதியதைப் போட வேண்டும். தடிப்பு கீழ்நோக்கித் தேடப்பட வேண்டியது. வீட்டுப் படியின் உயரத்தையும் கணக்கில் எடுக்காத வீதித் திட்டம் முழுமையான திட்டம் ஆகாது.

நாம் செய்யக் கூடியவை

ஒழுங்கைகளும் சிறு வீதிகளும் பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளவை. வேலை தொடங்கு முன் எஸ்டிமேட்டைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்க இந்நாட்டின் எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு. தருவதா இல்லையா என்பதைச் சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இதற்கு ஆண்கள்தான் போக வேண்டும் என்றில்லை. ஒழுங்கையில் நாள் முழுவதும் இருப்பவர்கள் பெண்களே. நான்கு வீட்டுப் பெண்கள் ஒப்பமிட்டு எழுதினால் போதும்.

வேலை நடக்கும்போது ஓர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று பாருங்கள். கொங்கிரீட் ஊற்ற அடிக்கும் ஓரப் பலகையின் உயரத்தை அளந்தால் தடிப்புத் தெரிந்துவிடும். ஊற்றிய பின் குறைந்தது ஏழு நாட்கள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். இதில் வீட்டார் ஒரு வாளித் தண்ணீரால் உதவலாம்.

நமது பக்கமும் சரியாக இருக்க வேண்டும். குசினித் தண்ணீரையும் கழுவிய தண்ணீரையும் வீதியில் திறந்துவிடுவோர், குழாய்க்காக வீதியை வெட்டி மண்ணைத் தள்ளி மூடுவோர், வடிகான்மீது படி கட்டுவோர் யாவரும் அந்த அங்குலங்களைத் தின்பவர்களே. சபையிடம் கணக்குக் கேட்கும் நாம், நமது வாசலுக்கு முன்னால் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் நமது கேள்விக்குக் கனம் இருக்கும்.