ஜமைக்காவின் கடனைச் சுமந்தவர்கள்

2013 தொடக்கத்தில் ஜமைக்காவின் கடன், அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் வட்டிக்கும் தவணைக்குமே போயிற்று. 1990-களில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அடுத்தடுத்துச் சரிந்தபோது, மக்களின் சேமிப்பைக் காப்பாற்ற அரசு ஏற்றுக்கொண்ட சுமையும் அதில் அடக்கம்.

அந்த ஆண்டு சர்வதேச நாணய நிதியம் 93 கோடி டாலர் தர முன்வந்தது. அதற்கு விலை கடுமையானது: வட்டிச் செலவு நீங்கலாக, உற்பத்தியில் 7.5 சதவீதத்தை அரசு ஆண்டுதோறும் மிச்சம்பிடிக்க வேண்டும். உள்நாட்டுக் கடன் பத்திரங்கள் வைத்திருந்தோர் குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் சம்மதித்தார்கள். ஆசிரியர்கள், செவிலியர்கள், காவலர்கள் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்தார்கள். விலைவாசி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இந்தச் சீர்திருத்தத்தின் பெருமை முதலில் அவர்களுக்கே சேரும் என்பேன்.

இதற்கு முன்பும் நிதியத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பாதியில் கைவிட்ட நாடுதான் ஜமைக்கா. இம்முறை தொழிலதிபர்களும் வங்கியாளர்களும் தொழிற்சங்கத்தினரும் அமர்ந்த ஒரு கண்காணிப்புக் குழு, அரசு இலக்கை எட்டியதா இல்லையா என்று மக்களிடம் தொடர்ந்து சொல்லிவந்தது. கணக்கை மறைக்க வழியில்லாமல் போயிற்று. நிதியமைச்சர் பீட்டர் பிலிப்ஸ் தொடங்கிய பாதையை, 2016-இல் ஆட்சியைப் பிடித்த எதிர்க்கட்சியும் விடவில்லை. எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

2025-இல் கடன் ஓராண்டு உற்பத்தியில் 70 சதவீதத்துக்குக் கீழே வந்தது. 2013-இல் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்த வேலையின்மை 5-க்கும் கீழே இறங்கியது. ஆனால் உற்பத்தி வளர்ச்சி நெடுங்காலமாகவே ஆண்டுக்கு 1 சதவீதத்தை ஒட்டித்தான் தவழ்கிறது. சுற்றுலா, பாக்சைட், வெளிநாடுகளில் வாழும் உறவினர்கள் அனுப்பும் பணம் ஆகியவற்றைத் தாண்டிப் புதிய தொழில்கள் போதிய அளவு வேரூன்றவில்லை. கடனைக் குறைத்தது போதும் என்று கொண்டாடுபவர்கள் இதைப் பார்க்க மறுக்கிறார்கள்.

2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி தீவின் மேற்குப் பகுதியைச் சிதைத்தது. உலக வங்கியின் மதிப்பீட்டில் சேதம் 880 கோடி டாலர். ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 41 சதவீதம். கடும் சூறாவளி தாக்கினால் அரசுக்குப் பணம் தரும்படி முன்யோசனையோடு ஏற்பாடு செய்திருந்த பேரிடர்ப் பத்திரத்திலிருந்து 15 கோடி டாலர் முழுமையாகக் கிடைத்தது. தேவையோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். ஆனாலும் 2013-இல் இப்படியொரு புயல் அடித்திருந்தால், மேலும் கடன் வாங்கக்கூட வழியிருந்திருக்காது.

இப்போது மீண்டும் கடன் ஏறும்; ஏறத்தான் வேண்டும். பிளாக் ரிவர் நகர மருத்துவமனையின் கூரையையே மெலிசா பிய்த்தெறிந்தது. சிக்கன ஆண்டுகளைத் தாங்கிய செவிலியர்கள் வேலை செய்யும் இடங்கள் இத்தகைய மருத்துவமனைகள்தாம். மறுகட்டுமானம் ஹோட்டல்களிலிருந்து அல்ல, இங்கிருந்து தொடங்க வேண்டும்.